கையில் இருந்தது

சிரிப்பைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். புத்தக அட்டைகளிலும் அஞ்சலட்டைகளிலும் அதைத்தான் அச்சிடுகிறார்கள். எனக்குக் கைகள். ஒரு கட்டிலில் ஒட்டிச் சாய்ந்திருக்கும் ஆணும் பெண்ணும். இருவருக்கும் சேர்த்து நான்கு கைகள். பெண்ணின் வலது கை சற்றே உயர்ந்து, எதையோ சாய்த்து ஊற்றப்போகிற பக்குவத்தில் விரல்கள் வளைந்திருக்கின்றன. இடது கை, சின்னதாய் உருண்டையாய் ஏதோ ஒன்று உட்காரும் அளவுக்குக் குழிந்திருக்கிறது. பின்னால் இருக்கும் ஆணின் வலது கை அவள் தோள்மேல் வந்து நிற்கிறது. இடது கை விரிந்திருக்கிறது. நான்கு கைகளுக்கும் வேலை இருக்கிறது. நான்கிலும் ஒன்றும் இல்லை.

இன்று ரோமில், வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தச் சுடுமண் சிற்பத்துக்குத் ‘தம்பதியர் ஈமப்பேழை’ என்று பெயர். கி.மு. 520 வாக்கில், பண்டை இத்தாலியின் எட்ருஸ்கர்களின் கடலோர நகரங்களில் ஒன்றான கைரேயில் செய்யப்பட்டது. கிட்டத்தட்ட ஆள் நீளக் கட்டில், ஏறக்குறைய நிஜ உடல்களின் அளவு. அவள் கையில் இருந்தது வாசனைத் தைலக் குப்பி என்கிறார்கள். மற்றக் கையில் மாதுளம்பழம் என்கிறார்கள். அவன் கையில் கிண்ணம் என்று ஒரு சாரார், முட்டை என்று மறு சாரார். எல்லாமே விரல்களின் வளைவைப் பார்த்துச் சொல்வது. படிக்கட்டுத் தேய்மானத்தைப் பார்த்து அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்வதுபோல.

இதை நான் படங்களில் மட்டுமே அறிவேன். படங்களில் ஒரு சிக்கல், பெரும்பாலானவை இடுப்போடு வெட்டிவிடுகின்றன. முழுப் படத்தைப் பார்த்த பிறகுதான் ஏன் வெட்டுகிறார்கள் என்று புரிந்தது. இடுப்புவரை திரண்டு எழும் உடல்கள் அதற்குக் கீழே திடீரென்று தட்டையாகிவிடுகின்றன. போர்வைக்குள் கால்கள் இருக்கின்றன என்பதை அடையாளம் காட்டினால் போதும் என்று சிற்பி நினைத்திருக்கிறான். முகமும் கையும் பேச்சில் கலந்துகொள்கிறவை. கால்களுக்கு விருந்தில் வேலையில்லை. ஆனால் கட்டிலின் கடைசியில் பாதங்கள் மறுபடி வருகின்றன. அவன் வெறுங்காலோடு இருக்கிறான். அவள் நுனி வளைந்த, கூர்மூக்குச் செருப்போடு படுக்கையில் ஏறியிருக்கிறாள். தலையில் அக்காலத்துச் சீமாட்டிகளின் குல்லாய். அதன் கீழிருந்து சடைகள் மார்பில் விழுகின்றன. இருவரின் முழங்கைக்குக் கீழே இருப்பதைத் தலையணை என்றுதான் முதலில் நினைப்போம். அது ஒயின் தோற்பையின் உருவம்.

1881இல் இது கிடைத்தபோது சிற்பமாகக் கிடைக்கவில்லை. ரோமுக்கு வடமேற்கே, இன்று செர்வெத்தெரி என்று வழங்கும் கைரேயின் பண்டித்தாச்சா இடுகாட்டில், ருஸ்போலி என்ற பிரபுக் குடும்பத்தின் நிலத்தில், நானூறுக்கும் மேற்பட்ட சில்லுகளாகக் கிடைத்தது. 1893இல் பெலிச்சே பர்னபெய் அந்தச் சில்லுகளை, தான் நான்கு வருடத்துக்கு முன் நிறுவியிருந்த வில்லா ஜூலியாவுக்காக வாங்கினார். இதற்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதே இடுகாட்டில் 1840களில் ஜியாம்பியெத்ரோ காம்பானா தோண்டி எடுத்தது, இப்போது பாரிஸ் லூவ்ரில். காம்பானா போப்பரசின் அடகுக்கடைக்குத் தலைவர். பழம்பொருள் மோகம் தலைக்கேறி, தன் சேகரிப்பைத் தன் அலுவலகத்திலேயே அடகுவைத்துப் பணம் எடுத்துக்கொண்டே போனார். 1857இல் கைதானார். சேகரிப்பு விற்பனைக்கு வந்தபோது பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியன் அதில் பெரும்பகுதியை 1861இல் வாங்கினான். அப்படித்தான் கைரேயின் ஒரு ஜோடி பாரிஸுக்குக் குடிபோயிற்று. லூவ்ர் ஜோடியில் வண்ணம் கூடுதலாக மிஞ்சியிருக்கிறது.

டெரகோட்டா என்ற இத்தாலியச் சொல்லுக்கு ‘வெந்த மண்’ என்று பொருள், சமையலறைச் சொல். நாம் சுடுமண் என்கிறோம், சூளைச் சொல். கைரேயின் குயவன் இரண்டையும் தெரிந்தவனாக இருந்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய மண் உருவத்தை ஒரே துண்டாகச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். அதனால் கட்டில் இரண்டு, மேல்மூடி இரண்டு என்று நான்கு துண்டுகளாகச் சுட்டுப் பிறகு பொருத்தியிருக்கிறார்கள். படத்தை உற்றுப் பார்த்தால் அந்தப் பொருத்துவாய் தெரியும். எட்ருஸ்கர் நாட்டில் நல்ல பளிங்கு பக்கத்திலேயே இருந்தது. கர்ராரா மலை அவர்களின் வடமேற்கு எல்லைப் பக்கம். ஆனாலும் கோயில் கூரையின் தெய்வங்களைக்கூட அவர்கள் மண்ணில்தான் செய்தார்கள். வெயி என்ற எட்ருஸ்க நகரின் போர்த்தொனாச்சோ கோயில் கூரையில் நின்ற ஆளுயர அப்பல்லோ 1916இல் மண்ணுக்குள்ளிருந்து வந்தான். அதே சிரிப்பு, நடந்துவருகிற வேகம். அந்த ஊரின் வுல்கா என்ற சிற்பியை ரோமுக்கு அழைத்து ஜூபிடர் சிலை செய்யச் சொன்னார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். எட்ருஸ்கக் கலைஞர்களில் இப்படி இலக்கியத்தில் பெயர் மிஞ்சிய ஒரே ஆள் அவர்தான் என்பார்கள். 

ரோமின் ஜூபிடர் கோயில் உச்சிக்கு வெயி குயவர்கள் செய்த தேரைப் பற்றி கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒரு கதை சொல்கிறார். சூளைக்குள் போன தேர் சுருங்குவதற்குப் பதிலாகப் பொங்கிப் பெருத்ததாம். சூளையின் கூரையைப் பெயர்த்து, சுவரை இடித்துத்தான் வெளியே எடுத்தார்களாம். இது யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு நாடாளும் பாக்கியம் என்று நிமித்திகர்கள் சொல்ல, வெயிக்காரர்கள் தர மறுத்தார்களாம். குயவர்கள் யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். மண் சூளையில் சுருங்கும், இப்படிப் பெருக்காது. கதை கட்டியவனுக்கும் இது தெரிந்திருந்ததால்தான் அது அற்புதம். கி.மு. 396இல் வெயி ரோமிடம் வீழ்ந்தது. கதை ரோமானியர் தரப்பிலிருந்துதான் நமக்கு வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எட்ருஸ்கர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். அக்கம்பக்கத்தார் சொன்னது. அதிலும் பெண்களைப் பற்றி. கி.மு. நான்காம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோபொம்பஸ், எட்ருஸ்கப் பெண்கள் உடலைப் பேணுகிறார்கள், ஆண்களோடு உடற்பயிற்சி செய்கிறார்கள், கணவன் அல்லாதவர்களுடனும் விருந்தில் படுக்கிறார்கள், யாருக்கு வேண்டுமானாலும் மதுவைத் தூக்கி வாழ்த்துச் சொல்கிறார்கள், பிறக்கிற பிள்ளைக்கு அப்பன் யாரென்று தெரியாது என்றெல்லாம் எழுதினார். அந்த நூல் அழிந்துவிட்டது. ஐந்தாறு நூற்றாண்டு கழித்து அதீனியஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் எடுத்தாண்ட பகுதியால் இந்த வம்பு மட்டும் பிழைத்தது. நூல் போய் வம்பு மிஞ்சுவது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

ஏதென்ஸ் வீட்டில் ஆண்களின் மதுவிருந்து நடக்கும்போது மனைவி அங்கே வரமாட்டாள். கட்டிலில் ஒரு பெண் இருந்தால் அவள் கணிகை, அல்லது குழலூத வந்தவள். அந்தக் கண்ணோடு கைரேக்கு வந்த ஒரு கிரேக்கன், ஒரே போர்வைக்குள் கணவனும் மனைவியும் சாய்ந்து, அவள் ஊற்றுவதற்குக் கையை நீட்டியிருப்பதைப் பார்த்தால் வேறென்ன முடிவுக்கு வருவான்? சாய்ந்து உண்ணும் வழக்கத்தைக் கடல் கடந்து வாங்கிக்கொண்ட எட்ருஸ்கர்கள், மனைவியை உள்ளே அனுப்பும் வழக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பெயர்களைப் பார்த்தாலும் இது தெரியும். ரோமானியப் பெண்ணுக்குத் தனக்கென்று பெயர் கிடையாது. கொர்னேலியுஸ் குடும்பத்து மகள் கொர்னேலியா. இரண்டாவதாக ஒருத்தி பிறந்தால் அவளும் கொர்னேலியா. எட்ருஸ்கப் பெண்ணுக்கு ராம்தா, லார்தி, தானா என்று சொந்தப் பெயர் இருந்தது. கல்லறைப் பொறிப்புகளில் தந்தை பெயரோடு தாயின் பெயரையும் குறித்தவை ஏராளம். நம் கட்டிலில் சாய்ந்திருப்பவளுக்கும் அப்படி ஒரு பெயர் இருந்திருக்கும். பேழையில் எழுத்து இல்லை.

இப்போது சிரிப்புக்கு வருகிறேன். இதைப் பார்த்து மகிழ்ந்துபோகாதவர்கள் குறைவு. மரணத்தையும் விருந்தாக்கிய மக்கள், இல்லறத்தின் இனிமை என்று எழுதித் தீர்த்திருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த நூற்றாண்டில் கிரேக்க உலகம் முழுக்கச் சிலைகள் இப்படித்தான் சிரித்தன. போரில் சாகிறவனும் சிரித்தான். பாதாம்பருப்புக் கண், மேலேறிய உதட்டோரம், இவை ஆசியா மைனர் கரையோரத்து அயோனியக் கிரேக்கரின் பாணி. பாரசீகர்கள் அந்த ஊர்களைப் பிடித்தபோது தப்பி மேற்கே வந்த கைவினைஞர்கள் எட்ருஸ்க நகரங்களில் பட்டறை போட்டார்கள் என்று கலை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். ஆக, அந்தச் சிரிப்பில் அகம் எவ்வளவு, அக்கால வழக்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

இதோடு இன்னொன்று. கி.மு. 540ஐ ஒட்டி, அப்படித் தப்பி வந்த ஒரு கூட்டமான போக்கேயா ஊரார் கோர்சிகாத் தீவில் குடியேறி, கைரேக்காரர்களுடனும் கார்த்தேஜியர்களுடனும் கடற்போர் நடத்தினார்கள். பிடிபட்ட போக்கேயர்களைக் கைரேக்காரர்கள் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லால் அடித்தே கொன்றார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அதன்பின் அந்த இடத்தைக் கடந்த ஆடு, மாடு, மனிதர் எல்லோருக்கும் கைகால் முடங்கிப்போயிற்றாம். டெல்பிக்கு ஆளனுப்பிக் குறி கேட்டு, இறந்தவர்களுக்காகப் பலியும் விளையாட்டுப் போட்டிகளும் நடத்தத் தொடங்கினார்கள். தன் காலத்திலும் அது தொடர்கிறது என்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால், கட்டிலில் சாய்ந்திருக்கும் இருவரும் அப்போது இளைஞர்களாக இருந்திருக்கலாம். ஊருக்கு வெளியே அந்தக் கூட்டத்தில் அவனும் நின்றிருக்கலாம். போக்கேயா ஓர் அயோனிய நகரம். அந்த அயோனியச் சாயல்தான் இவன் முகத்தில் சிரிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு விரிந்திருக்கும் அந்தக் கைகளை முன்புபோல என்னால் பார்க்க முடியவில்லை.

அவர்களே பேசியிருந்தால் இந்தக் குழப்பம் வராது. பேசத்தான் செய்தார்கள். பதின்மூவாயிரம் எட்ருஸ்கப் பொறிப்புகள்வரை கிடைத்திருக்கின்றன. எழுத்து கிரேக்கத்திலிருந்து வந்தது, பெரும்பாலும் வலமிருந்து இடம். ஒரு மணி நேரம் பழகினால் யாரும் வாய்விட்டு வாசிக்கலாம். பொருள்தான் பிடிபடாது. லெம்னோஸ் தீவில் கிடைத்த ஒரு கல்லின் மொழியும் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து ரேத்தியமும் தவிர இதற்கு உறவு இல்லை. பெரும்பாலானவை கல்லறை வாசகங்கள்: பெயர், பெற்றோர், வயது. மிக நீளமான பனுவல் எகிப்தில் ஒரு மம்மியைச் சுற்றிய துணியில் கிடைத்தது. லினன் துணியில் எழுதிய நூலைக் கிழித்துப் பிணத்துக்குச் சுற்றியிருந்தார்கள். இப்போது ஜாக்ரெப் நகரில் இருக்கிறது. ரோமானியப் பேரரசர் கிளாடியஸ் எட்ருஸ்க வரலாற்றை இருபது தொகுதிகளாகக் கிரேக்கத்தில் எழுதினார். ஒரு வரி மிஞ்சவில்லை. 

1964இல் கைரேயின் துறைமுகமான பிர்ஜியில் மூன்று தங்கத் தகடுகள் கிடைத்தன. எட்ருஸ்கத்திலும் பினீசிய மொழியிலுமாக, கைரேயை ஆண்ட தெபாரியே வேலியானாஸ் ஒரு பெண் தெய்வத்துக்குச் செய்த காணிக்கையைச் சொல்பவை. நம் தம்பதியருக்கு ஒரு தலைமுறைதான் பின்னால். தகடுகளும் பேழையும் இன்று ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. அந்த வாசகத்தை உரக்கப் படித்தால் ஒலியை அவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள், உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார்கள். நமக்குத்தான் பாதி புரியாது.

பொருள் உறுதியான சொற்களில் இரண்டு: அபா என்றால் தந்தை, அதி என்றால் தாய். தமிழ் வாசகரின் காது இந்த இடத்தில் நிமிரும் என்று எனக்குத் தெரியும். என் காதும் நிமிர்ந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிய இடம் இது. குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகளை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கொடுப்பது உலகெங்கும் நடப்பது; அதை வைத்து உறவு கொண்டாடினால் எல்லோரும் எல்லோருக்கும் சம்பந்திதான். இந்த மொழியை அல்பேனியத்தால் திறந்துவிட்டேன் என்று ஒருவர் நூல் எழுதினார், ஹங்கேரியத்தின் மூதாதை என்று இன்னொருவர். அந்த வரிசையில் நமக்கும் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது. உட்காராமல் இருப்பது நல்லது.

காலியான கையைப் பார்த்தால் எதையாவது வைக்கத் தோன்றுகிறது. 1871இல் பிரிட்டிஷ் மியூசியம் செர்வெத்தெரியில் கிடைத்ததாகச் சொல்லி ஒரு தம்பதியர் பேழையை வாங்கியது. லூவ்ர் ஜோடிக்குப் போட்டியாக லண்டனுக்கும் ஒரு ஜோடி. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் காட்சியில் இருந்தது. பொறிப்பைக்கூடச் செதுக்கியிருந்தார்கள், அது லூவ்ரில் இருந்த ஒரு தங்க ஊக்கின் வாசகத்தைப் பார்த்து எழுதியது. பெண் அணிந்திருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு உள்ளாடையின் சாயலில் இருந்தது. செய்தவர்கள் இரண்டு இத்தாலியச் சகோதரர்கள். எட்ருஸ்கச் சீமாட்டி வீட்டில் என்ன உடுத்தியிருப்பாள் என்று யோசித்தபோது தங்கள் வீட்டுப் பெண்கள்தான் அவர்கள் கண்ணில் வந்திருக்கிறார்கள்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இன்னும் பெரிதாக ஏமாந்தது. 1915இலிருந்து 1921வரை மூன்று பிரம்மாண்டமான சுடுமண் வீரர் உருவங்களை வாங்கியது. கறுப்பு மெருகில் மாங்கனீசு இருப்பதைச் சோதனை காட்டிக்கொடுத்தது; பழங்காலத்தில் அந்தக் கறுப்பைச் சூளையின் காற்றை அடைத்தும் திறந்தும் வரவழைத்தார்களே தவிர மாங்கனீசால் அல்ல. 1961 ஜனவரியில் அல்பிரேதோ பியோரவாந்தி என்ற முதியவர் ரோமில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போய், நாங்கள்தான் செய்தோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். வீரன் ஒருவனின் கையில் கட்டைவிரல் ஒன்று இல்லாமல் இருந்தது. அதை அவர் நாற்பது வருடமாக வீட்டில் வைத்திருந்தார். கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள், சரியாகப் பொருந்தியது.

ஆங்கில எழுத்தாளர் டி.எச். லாரன்ஸ் 1927இல் செர்வெத்தெரிக்கும் தார்குவினியாவுக்கும் போனார். காசநோய் முற்றியிருந்தது, மூன்று ஆண்டில் இறந்துவிட்டார். எட்ருஸ்கர்களைப் பற்றிய அவர் புத்தகம் முழுக்க உயிர்த் துள்ளல். அவரைக் கள்ளச் சிற்பிகளோடு சேர்ப்பது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, காலியான கையில் அவரும் தன்னிடமிருந்த தாகத்தைத்தான் வைத்தார் என்று தோன்றுவதைத் தவிர்க்க முடிவதில்லை.

ஒரே ஒருத்தி இந்த விளையாட்டுக்கு வரமாட்டாள். செயாந்தி ஹனுனியா த்லெஸ்னாசா. இது பேழையிலேயே எழுதியிருக்கும் பெயர். கியூசி நகரின் அருகே 1886இல் கிடைத்தவள், கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்காரி. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறாள், இவள் அசல். மூடியில் சாய்ந்து, கையில் கண்ணாடி பிடித்து, முக்காட்டை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். வளையல், தோடு, கழுத்து மடிப்பு எல்லாம் உண்டு. இவள் கையில் பொருள் இருக்கிறது, பேழைக்குள் எலும்பும் இருந்தது. ஆராய்ந்தவர்கள், ஐம்பதைத் தாண்டிய பெண் என்றார்கள். பற்கள் பல விழுந்து, இளவயதில் பட்ட பலத்த அடியால், ஒருவேளை குதிரையிலிருந்து விழுந்து, இடுப்பும் தாடையும் பாதிக்கப்பட்டவள். மேலே இருப்பவளுக்கு அந்த வயது இல்லை, வலியும் இல்லை. ஆனால் மண்டையோட்டின் மேல் மான்செஸ்டர் குழுவினர் முகத்தை மீட்டுருவாக்கிப் பார்த்தபோது, இரண்டும் ஒருத்திதான் என்று சொல்லும் அளவுக்கு ஒத்துப்போயிற்று. சிற்பி வயதைக் குறைத்திருக்கிறான், அவளை மாற்றவில்லை.

நம் தம்பதியருக்கு இந்தச் சோதனை இல்லை. ஈமப்பேழை என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, அது உடல்களுக்கானதா, எரித்த சாம்பலுக்கானதா என்ற பேச்சே இன்னும் இருக்கிறது. சாம்பல் என்றே பலரும் நினைக்கிறார்கள்.

பண்டித்தாச்சாவில் ‘புடைப்புருவக் கல்லறை’ என்று ஒன்று இருக்கிறது; அதையும் திறந்தது காம்பானாதான், 1847இல். இந்தத் தம்பதியருக்கு இருநூறு ஆண்டு பிந்தையது. பாறையைக் குடைந்து வீடுபோல ஆக்கி, தூண்களிலும் சுவரிலும் வீட்டுச் சாமான் அத்தனையும் சுதையில் செய்து வண்ணம் தீட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கத்தி, கோடரி, அகப்பை, கயிற்றுச் சுருள், குடம், விசிறி. பெட்டியின் மேல் மடித்துவைத்த லினன் புத்தகம். முக்கியமான படுக்கைக்குக் கீழே, மனையில், ஒரு ஜோடிச் செருப்பு. அங்கே கைகள் இல்லை, கை எடுக்கக்கூடிய எல்லாமே இருக்கிறது.

அவள் சாய்த்துக்கொண்டிருந்த குப்பி வெண்கலம் என்றால், யாரோ பேழையை உடைத்த அன்றே எடுத்துப் போயிருப்பான். மண் என்றால் கதை வேறு. சுட்ட மண்ணுக்கு மட்கத் தெரியாது. நானூறு சில்லுகளைப் பொறுக்கியவர்களின் கண்ணில் படாமல், விரல் நீளத்தில் ஒன்று, செர்வெத்தெரியின் ஏதோ ஒரு வயலில் ஏர் புரட்டும்போதெல்லாம் மேலே வந்து, அடுத்த மழையில் மறுபடி உள்ளே போய்க்கொண்டிருக்கும்.